நிழலைத் தேடுங்கள், மீன் தெரியும்

பசிபிக் கடலில் கிரிட்டிமாட்டித் தீவில் ஒரு வாரம் ஃப்ளை தூண்டில் (இறகும் நூலும் கட்டிய போலி இரையால் மீன் பிடிப்பது) போட்ட அனுபவத்தைச் சென்ற இதழில் எழுதியிருந்தேன். வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

கிரிட்டிமாட்டி என்கிறீர்கள். வரைபடத்தில் கிறிஸ்துமஸ் தீவு என்று இருக்கிறது. எது சரி? எப்படிப் போனீர்கள்?
– பள்ளி ஆசிரியை ஒருவர்

இரண்டும் ஒன்றுதான். அங்கே பேசும் கில்பர்ட் மொழியை ரோமன் எழுத்தில் எழுதும்போது ‘ஸ்’ ஒலிக்கு ‘டி, ஐ’ என்ற இரண்டு எழுத்துகளைப் போடுகிறார்கள். கிரிட்டிமாட்டி என்று எழுதி ஏறக்குறைய ‘கிரிஸ்மஸ்’ என்று படிப்பார்கள். நாட்டின் பெயரான கிரிபாட்டியும் ‘கிரிபாஸ்’தான். ஆங்கிலேயக் கடலோடி கேப்டன் குக் 1777 டிசம்பர் 24 அன்று அங்கே வந்து சேர்ந்ததால் அந்தப் பெயர். இந்தியப் பெருங்கடலில் ஆஸ்திரேலியாவுக்கு உட்பட்ட இன்னொரு கிறிஸ்துமஸ் தீவு இருக்கிறது. டிக்கெட் எடுக்கும்போது கவனமாக இருங்கள்.

நான் ஹொனலுலுவிலிருந்து போனேன். தெற்கே சுமார் 3 மணி நேரப் பயணம். நான் போனபோது வாரத்துக்கு ஒரே விமானம்தான். இறங்கியபின் கைக்கடிகாரத்தைத் திருத்த வேண்டியிருக்கவில்லை, தேதியைத்தான் ஒரு நாள் முன்னே தள்ள வேண்டியிருந்தது. 1995இல் கிரிபாட்டி அரசு தேதிக்கோட்டைத் தன் கிழக்குத் தீவுகளுக்கும் அப்பால் நகர்த்திவிட்டது. அதனால் ஹவாயும் அந்தத் தீவும் சரியாக 24 மணி நேரம் விலகி நிற்கின்றன. செலவுக்கு ஆஸ்திரேலிய டாலர் வேண்டும். ஊர்களின் பெயர்கள் லண்டன், போலந்து, பனானா.

உண்மையான இறாலைக் கோத்துப் போட்டால் மீன் எளிதாகச் சிக்கும். இறகையும் நூலையும் கட்டி ஏன் இத்தனை பாடு?
– கடலோரத்தில் வளர்ந்த வாசகர்

சிக்கும், மறுக்கவே மாட்டேன். வழக்கமான தூண்டிலில் ஈயக்குண்டின் கனம் நூலை இழுத்துக்கொண்டு போய் விழுகிறது. ஃப்ளை தூண்டிலில் கனம் நூலிலேயே இருக்கிறது. முள்ளில் கட்டிய ஃப்ளை ஒரு சிட்டிகை எடைகூட இராது. கோலைப் பின்னும் முன்னும் வீசி, கனமான அந்த நூலைக் காற்றில் நீள விரித்து, அதன் நுனியில் ஃப்ளையைச் சத்தமில்லாமல் இறக்க வேண்டும். இவ்வளவும் எதற்கென்றால், நாம் தேடும் மீன் முழங்கால் ஆழ நீரில் மேய்கிறது. ஈயக்குண்டு ‘தொப்’பென்று விழுந்தால் கூட்டம் முழுவதும் பறந்துவிடும்.

அந்த மீனின் பெயர் போன்ஃபிஷ். அதன் செதில்கள் கண்ணாடி மாதிரி, சுற்றியிருக்கும் மணலின் நிறத்தையே திருப்பிக் காட்டுகின்றன. முதல் இரண்டு நாள் எனக்கு ஒரு மீன்கூடக் கண்ணில் படவில்லை. என் வழிகாட்டி ஐம்பது வயதைத் தாண்டியவர். சிறுவனாக அதே காயலில் அப்பாவுடன் வலை இழுத்தவர். “பதினோரு மணித் திசை, பன்னிரண்டு மீட்டர், இடப்பக்கம் போகிறது” என்று தாழ்ந்த குரலில் சொல்லிக்கொண்டே இருப்பார். நான் அந்தத் திசையில் வெறும் மணலைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். இரண்டாம் நாள் மாலை, “மீனைப் பார்க்க முயலாதீர்கள். தரையில் அதன் நிழல் நகரும், அதைப் பாருங்கள்” என்றார்.

மூன்றாம் நாள் காலை, மேகம் விலகிய ஒரு கணத்தில், சாம்பல் நிறத்தில் மூன்று கோடுகள் மணல்மேல் நகர்வதைக் கண்டேன். அவற்றுக்கு மேலே மீன்கள் இருந்தன. அதுவரை அங்கேதான் இருந்திருக்கின்றன! இரண்டு மீட்டர் முன்னால் ஃப்ளையை இறக்கினேன். அது அடிமணலைத் தொடும்வரை காத்திருந்து, இடக்கையால் நூலைச் சிறிது சிறிதாக இழுத்தேன். ஒரு நிழல் திரும்பி வந்து நின்றது. கோலைத் தூக்கினேன், போய்விட்டது. இங்கேதான் பலரும் தவறுகிறார்கள். கோலைத் தூக்கினால் ஃப்ளை மீனின் வாயருகிலிருந்து மேலே எழும்பிவிடும். கோலை மீனை நோக்கியே வைத்துக்கொண்டு, கையால் நூலை நேராக இழுக்க வேண்டும். அப்போது முள் தைக்காமல் போனாலும் ஃப்ளை மீனின் முன்னாலேயே கிடக்கும், அது மறுபடியும் வாய் வைக்கும். எனக்கு இது புரிய மேலும் இரண்டு மீன்களை இழக்க வேண்டியிருந்தது. நான்காவது மீன் ரீலிலிருந்து எண்பது மீட்டருக்குக் குறையாமல் நூலை உருவிக்கொண்டு ஓடியது. கை நடுங்கியது இன்னும் நினைவிருக்கிறது.

பிடித்த மீனைத் திரும்ப விட்டுவிடுகிறீர்கள். உணவுக்காகவும் இல்லை என்றால், இது வெறும் துன்புறுத்தல் அல்லவா?
– கல்லூரி மாணவி

இந்தக் கேள்வி வர வேண்டும் என்று எதிர்பார்த்தேன். மீனுக்கு ஒன்றும் ஆவதில்லை என்று சொன்னால் அது பொய். நடந்ததைச் சொல்கிறேன்.

நான்காம் நாள், அந்த வாரத்தின் பெரிய போன்ஃபிஷ் கிடைத்தது. இரண்டரைக் கிலோ இருக்கலாம். படம் எடுக்க அதை நீருக்கு வெளியே தூக்கினேன். வெளிச்சம் சரியில்லை என்று திரும்பி நின்று மறுபடியும் தூக்கினேன். பிறகு நீரில் விட்டேன். அது பக்கவாட்டில் சாய்ந்து, வட்டமடித்து, மெல்ல நகர்ந்தது. முப்பது அடி போயிருக்காது. கருந்துடுப்புச் சுறா ஒன்று கரைப்பக்கமிருந்து வந்தது. நீர் கலங்கிச் சிவந்தது. வழிகாட்டி என்னைப் பார்க்காமலே, “உங்கள் கையிலேயே அது செத்துவிட்டது” என்றார். அன்று மதியம் நான் தூண்டில் போடவில்லை.

பஹாமாஸ் தீவுகளில் போன்ஃபிஷ் இனத்தை வைத்துச் செய்த ஆய்வுகளும் அவர் சொன்னதைத்தான் சொல்கின்றன. நிமிர்ந்து நீந்த முடியாத நிலையில் விடப்பட்ட மீனே சுறாவுக்கு அதிகம் இரையாகிறது. அதனால் முள்ளின் எதிர்முள்ளைக் குறடால் நசுக்கிவிட்டுத்தான் இப்போது தூண்டில் போடுகிறேன். முள் நொடியில் கழன்றுவிடும். போராட்டம் நீளாமல் இருக்கத் தடித்த தங்கூசி (ஃப்ளையைக் கட்டும் நைலான் நூல்) கட்டுகிறேன். மீனை ஈரக்கையால் தொடுகிறேன், நீருக்கு மேலே எடுப்பதில்லை. அது தானாக வாலை உதறிக்கொண்டு கிளம்பும்வரை பிடித்திருக்கிறேன். சுறா கண்ணில் பட்டால் அந்த இடத்தில் வீசுவதே இல்லை. இத்தனைக்குப் பிறகும் உங்கள் கேள்விக்கு முழுப்பதில் என்னிடம் இல்லை. நீங்கள் இதைச் செய்ய வேண்டாம் என்று முடிவு செய்தால் அதை நான் மதிக்கிறேன்.

அந்த ஊர் மக்கள் போன்ஃபிஷ் சாப்பிடுவதில்லையா?
– இல்லத்தரசி ஒருவர்

சாப்பிடுவார்கள். அவர்கள் அதை ‘இகரி’ என்கிறார்கள். கிரிபாட்டியின் தலைநகரான தராவாவில் அது முக்கியமான உணவு மீனாக இருந்தது. முழுநிலவை ஒட்டி இகரிக் கூட்டங்கள் முட்டையிடக் காயலைவிட்டு வெளிக்கடலுக்குப் போகும். போகும் வழி எல்லோருக்கும் தெரியும், அங்கே வலை காத்திருக்கும். தீவுகளை இணைக்கக் கட்டிய கரைப்பாதைகள் வேறு நீரோட்டத்தை அடைத்தன. அந்தக் கூட்டங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மறைந்தன. கிரிட்டிமாட்டியில் மீன் இன்னும் இருக்கிறது. உயிரோடு நீந்தும் ஒரே மீன், தூண்டில் போட வருகிறவர்கள் மூலம் ஊரில் பலருக்கு வேலை கொடுக்கும், வழிகாட்டிக்கு, படகோட்டிக்கு, சமையல்காரருக்கு. ஆனால் வீட்டுக்கு மீன் கொண்டுபோக வலை வீசுகிறவரிடம் “விட்டுவிடு” என்று சொல்ல ஒரு வாரம் வந்து போகிற எனக்கு உரிமை இல்லை.

அணுகுண்டு வெடித்த தீவு என்று படித்தேன். பயமில்லையா?
– பெயர் குறிப்பிடாத வாசகர்

பிரிட்டன் 1957, 1958 ஆண்டுகளிலும், அமெரிக்கா 1962இலும் அங்கே சோதனை நடத்தின. இன்று மக்கள் அங்கே குடியிருக்கிறார்கள், குழந்தைகள் பள்ளிக்குப் போகிறார்கள். எனக்குப் பயம் தோன்றவில்லை. கோபம் தோன்றியது. சோதனைக் காலத்தில் அங்கே நிறுத்தப்பட்டிருந்த படைவீரர்கள் நியாயம் கேட்டுப் பல பத்தாண்டுகளாகப் போராடினார்கள்.

எனக்கு 62 வயது, முழங்கால் வலி. ஃப்ளை தூண்டில் தொட்டதே இல்லை. போக முடியுமா?
– ஓய்வுபெற்ற வங்கி ஊழியர்

போகலாம், ஐயா. மணல் தரை கெட்டியானது. வழுக்கும் பாறை குறைவு, வேகமாக நடக்கவும் வேண்டாம். பவளம் காலைக் கிழிக்கும், ஆகவே அடிப்பாகம் தடித்த நீர்க்காலணி கட்டாயம். பூமத்திய ரேகை அருகில் என்பதால் கழுத்து, காது, கைவிரல் வரை துணியால் மூடிக்கொள்ளுங்கள். நீர்ப்பளபளப்பை வெட்டும் போலரைஸ்டு கண்ணாடி இல்லாமல் கிளம்பவே வேண்டாம், அது இல்லையென்றால் நிழல்கூடத் தெரியாது. 8ஆம் எண் கோல் போதும். ஆறு மாதத்துக்கு முன்பே வாங்கி, திறந்த வெளியில், காற்று முகத்தில் அடிக்கும் பக்கம் திரும்பி நின்று பழகுங்கள். அங்கே காற்று நிற்பதே இல்லை. தரையில் ஒரு தட்டை வைத்து, பன்னிரண்டு மீட்டர் தள்ளி நின்று, பத்தில் ஆறு முறை அதன் பக்கத்தில் நூல்நுனியை இறக்க முடிந்தால் டிக்கெட் எடுங்கள்.