ஏற்றத்தில் நிற்கும் பிக்கப்: பம்ப்புக்குப் பணம் கட்டும் முன்

கேள்வி: ஒட்டன்சத்திரத்தில் இருந்து குமுளிக்குக் காய்கறி லோடு அடிக்கிறேன். சொந்த வண்டி, நானேதான் ஓட்டுகிறேன். 2018 மாடல் டீசல் பிக்கப், பிஎஸ்4 (புகை விதி). லோயர் கேம்ப் தாண்டி மலை ஏறும்போது இழுவை குறைந்து, ஜெர்க் அடித்து, ஆஃப் ஆகிவிடுகிறது. பத்து நிமிடம் கழித்து செல்ஃப் அடித்தால் ஒன்றுமே நடக்காத மாதிரி ஸ்டார்ட் ஆகிறது. சமவெளியில் தொந்தரவே இல்லை. ஸ்கேனர் போட்டுப் பார்த்த மெக்கானிக், 'ரெயில் பிரஷர் குறைவு என்று காட்டுகிறது, பம்ப்பும் நாலு இன்ஜெக்டரும் போய்விட்டது, 90,000 ரூபாய் ஆகும்' என்கிறார். செய்யலாமா?

பதில்: இப்போதைக்கு ஒரு ரூபாய்கூட அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். நீங்கள் சொல்லும் அறிகுறிக்குப் பெரிய பம்ப் கடைசி சந்தேகம்தான்.

உங்கள் வண்டியில் டீசல் இரண்டு கட்டமாகப் போகிறது. டேங்கில் இருந்து ஃபில்டர் வழியாக, அழுத்தம் ஏற்றும் பெரிய பம்ப் வரை ஒரு கட்டம். இங்கே அழுத்தம் பெரிதாகக் கிடையாது. பம்ப்பில் இருந்து ரெயில் (அழுத்தம் ஏறிய டீசலைத் தேக்கி வைக்கும் குழாய்), இன்ஜெக்டர் (இன்ஜினுக்குள் டீசலைப் பீய்ச்சுவது) என்று அடுத்த கட்டம். லோடு ஏற்றத்தில் இங்கே அழுத்தம் 1,000 பாரைத் தாண்டும். முதல் கட்டத்தில் டீசல் போதுமான அளவு வரவில்லை என்றாலும் ரெயிலில் அழுத்தம் விழத்தான் செய்யும். அழுத்தம் குறைந்ததை மட்டும்தான் ஸ்கேனர் சொல்லும். ஏன் குறைந்தது என்று அதற்குத் தெரியாது. தெர்மாமீட்டர் 103 காட்டியதும் ஆபரேஷனுக்கு எழுதிக் கொடுக்கும் டாக்டரை என்ன சொல்வீர்கள்?

சமவெளியில் இன்ஜின் குடிக்கும் டீசல் குறைவு. பாதி அடைத்த ஃபில்டரும் அதைக் கொடுத்துவிடும். லோடோடு மலை ஏறும்போது கேட்பது அதிகம், ஃபில்டரால் முடியாது, வண்டி திணறி நிற்கிறது. பத்து நிமிடத்தில் டீசல் மெதுவாக ஊறி வந்து சேர்ந்துவிடும். அதனால்தான் ஒன்றும் நடக்காத மாதிரி ஸ்டார்ட் ஆகிறது. உங்கள் கதை அப்படியே இதுதான்.

ஆகவே முதலில் ஃபில்டர். புதிதாக மாற்றினேன் என்பீர்கள். எந்த ஃபில்டர்? கம்பெனி டப்பா மாதிரியே அச்சடித்த டூப்ளிகேட் எல்லா ஊர்க் கடையிலும் தொங்குகிறது. பில்லோடு, பார்ட் நம்பர் சரிபார்த்து வாங்குங்கள். பழைய ஃபில்டரின் அடித் திருகைத் திறந்து, வடியும் டீசலைக் கண்ணாடி பாட்டிலில் பிடித்து அரை மணி நேரம் ஆடாமல் வையுங்கள். தண்ணீர் இருந்தால் அடியில் தனியாக நிற்கும். அடுத்தது டேங்குக்குள் இருக்கும் வலை. அதன் பிறகு ஹோஸும் கிளிப்பும். பெரும்பாலான பிஎஸ்4 பிக்கப்பில் பம்ப்தான் டேங்கில் இருந்து டீசலை உறிஞ்சுகிறது. அதனால் ஹோஸில் விரிசல் இருந்தால் டீசல் வெளியே சொட்டாது, காற்று உள்ளே போகும். 'எங்கேயும் லீக் இல்லையே' என்று கீழே குனிந்து பார்த்துச் சொல்பவரை நம்பாதீர்கள். ஃபில்டருக்கும் பம்ப்புக்கும் நடுவே ஒரு அடி தெளிவான டீசல் ஹோஸை மாட்டி ஓட்டினால் குமிழி கண்ணுக்கே தெரியும். இத்தனைக்கும் சில ஆயிரம் ரூபாய்க்குள் முடியும்.

ஒரு எச்சரிக்கை. ஏர் எடுக்கிறேன் என்று, ஓடும் இன்ஜினில் இன்ஜெக்டர் பைப்பின் நட்டைத் தளர்த்த யாரையும் விடாதீர்கள். பழைய லாரியில் செய்த வித்தை அது. இந்த அழுத்தத்தில் பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். விரலையே எடுக்க வேண்டி வரலாம். ஃபில்டர் பக்கத்தில் உள்ள ஹேண்ட் பிரைமரை அமுக்கி ஏர் எடுத்தாலே போதும்.

இத்தனையும் செய்து சரியாகவில்லை என்றால் இன்ஜெக்டருக்கு வாருங்கள். நான்கின் ரிட்டர்னிலும் (மிச்ச டீசல் திரும்பும் வழி) நான்கு பாட்டில் மாட்டி இன்ஜினை ஓடவிட்டால், தேய்ந்த இன்ஜெக்டரின் பாட்டில் மட்டும் சீக்கிரம் நிறையும். ஒன்று போனால் ஒன்றை மாற்றினால் போதும். நான்கும் போனது என்பவரிடம் டெஸ்ட் பெஞ்ச் ரிப்போர்ட்டைக் காகிதத்தில் கேளுங்கள், பேச்சு மாறிவிடும். 'ரீகண்டிஷன்' இன்ஜெக்டரைப் பாதி விலைக்கு வாங்கித் தருகிறேன் என்று ஒரு புரோக்கர் கட்டாயம் வருவார். பல மாடல்களில் இன்ஜெக்டர் தலையில் உள்ள எண்ணை வண்டியின் கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும். அவருக்கு அது தெரியாது, தெரிந்தாலும் சொல்ல மாட்டார். பம்ப் நிஜமாகவே போயிருந்தால் வடித்த டீசலில் இரும்புத்தூள் மினுமினுக்கும். அப்போது டேங்க், லைன், ரெயில் எல்லாவற்றையும் சுத்தம் செய்யாமல் பம்ப்பை மட்டும் மாற்றினால் புதுப் பம்ப்பும் போகும்.

டீசலே சம்பந்தப்படாத ஒரு கோளாறும் உண்டு: கிராங்க் சென்சார், அதாவது இன்ஜின் சுற்றுவதை வண்டியின் கம்ப்யூட்டருக்குச் சொல்லும் சென்சார். இதைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதற்காகவும் பம்ப்பைக் கழற்றுகிறார்கள். சூடு ஏறினால் சென்சாருக்குள் இணைப்பு விட்டுப்போகும், ஆறினால் ஒட்டிக்கொள்ளும். பத்து நிமிடத்தில் ஸ்டார்ட் ஆவது இதிலும் உண்டு. ஆனால் இதில் ஜெர்க் இருக்காது, சாவியைத் திருப்பி அணைத்த மாதிரி சட்டென்று நிற்கும். மதிய வெயிலில் சமவெளியிலும் நிற்கும். நின்ற உடனே செல்ஃப் அடிக்கும்போது ஆர்பிஎம் முள்ளைப் பாருங்கள். இன்ஜின் சுற்றியும் முள் கொஞ்சமும் அசையவில்லை என்றால் சந்தேகம் சென்சார் மேல். முள் அசைந்தும் ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் டீசல் பக்கம் பாருங்கள். உங்களுக்கு ஜெர்க் அடித்து நிற்பதால் இது இல்லை என்றே நினைக்கிறேன். இருந்தாலும் முள்ளைப் பார்க்கக் காசா கேட்கிறார்கள்?

டீசல் எங்கே போடுகிறீர்கள் என்று எழுதவில்லை. ரோட்டோரம் கேனில் 'பயோ டீசல்' என்று மலிவாக விற்பதை வாங்கினால் மேலே சொன்னது எல்லாம் வீண். பங்க்கில் அடர்த்திப் பரிசோதனை கேட்பது உங்கள் உரிமை. கேட்டால் 'மேனேஜர் இல்லை' என்பார்கள். புகார்ப் புத்தகம் கேட்டால் அது பீரோவில், சாவி முதலாளியிடம். 2020 ஏப்ரலில் நாடு முழுக்க பிஎஸ்6 வந்துவிட்டது. ரோட்டோர மெக்கானிக்குக்கு பிஎஸ்4 பற்றிக்கூட யாரும் வகுப்பு எடுத்த பாடில்லை. ஸ்கேனரை மட்டும் தவணையில் விற்றுவிட்டார்கள். அந்தத் தவணை உங்கள் பில்லில் ஏறுகிறது. எஸ்டிமேட்டை எழுத்தில் வாங்குங்கள், கழற்றிய பார்ட்டைக் கேட்டு வாங்குங்கள். கமர்ஷியல் வண்டிக்கு நுகர்வோர் வழக்குப் போட முடியாது என்று மிரட்டுவார்கள். சுயதொழிலாகப் பிழைப்புக்கு ஓட்டுபவரை 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நுகர்வோராகவே ஏற்கிறது.

சரியாகும் வரை லோடைக் குறைத்து ஏறுங்கள். மலையில் இன்ஜின் நின்றால் பிரேக் இரண்டு மூன்று மிதிக்குப் பிறகு கட்டையாகிவிடும், ஸ்டியரிங்கும் கனக்கும். சும்மா மிதித்து மிதித்துப் பார்க்காமல், ஒரே மிதியில் அழுத்திப் பிடித்து, ஹேண்ட் பிரேக் போட்டு, கியரில் விட்டு, பின்சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள். அதற்கு வண்டியிலேயே இரண்டு மரக்கட்டை வைத்துக்கொள்ளுங்கள். ரோட்டோரக் கல்லை எடுத்து வைப்பவர்கள் கிளம்பும் அவசரத்தில் அதை நடுரோட்டிலேயே விட்டுப் போகிறார்கள், இரவில் பின்னால் வரும் பைக்காரன் அதில்தான் ஏறுகிறான்.