மழை விடாமல் பெய்தால் எதை எடுப்பது, எங்கே போவது? (வாசகர் கேள்வி – அக்காவின் பதில்)

கேள்வி: அக்கா, நான் கொழும்பில் ஒரு கடையில் வேலை செய்கிறேன். அம்மா, அப்பா, தங்கச்சி மூன்று பேரும் பதுளைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில் (தொழிலாளருக்கான வரிசை வீடுகளில்) இருக்கிறார்கள். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தபோது இரண்டு நாள் அவர்களோடு பேசவே முடியவில்லை. அதற்குப் பிறகு 'ப்ரெப்பர்' (ஆபத்துக்கு முன்கூட்டியே தயாராகிறவர்) என்று சொல்லிக்கொள்ளும் வெளிநாட்டுக்காரர்கள் எழுதுவதையும் பேசுவதையும் ராத்திரி ராத்திரியாகப் பார்க்கிறேன். மூன்று நாளைக்குத் தேவையானதை வைத்து எடுத்துக்கொண்டு ஓடுகிற 72 மணி நேரப் பை, ஒரு வருடச் சாப்பாடு, நிலத்துக்கு அடியில் அறை என்று என்னென்னவோ சொல்கிறார்கள். சம்பளத்தில் மிச்சம் பிடித்து எதை வாங்கட்டும்? அப்பாவிடம் சொன்னால், "முனியாண்டி பாத்துக்குவாரு, நீ காசக் கரியாக்காத" என்கிறார்.

பதில்: தம்பி, அந்த இரண்டு நாள் உங்களுக்கு எப்படிப் போயிருக்கும் என்று எனக்குத் தெரியும். என் அண்ணன் குடும்பம் வெலிமடைப் பக்கம், நானும் அப்படித்தான் போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அதனால் நீங்கள் தேடிப் படிப்பதை வீண் வேலை என்று சொல்ல மாட்டேன். நானும் கொஞ்சம் படித்தேன், நல்ல விஷயங்கள் இருக்கின்றன. ஆனால் அவை யாருக்காக எழுதப்பட்டவை என்று பாருங்கள். பெரும்பாலும் அமெரிக்காவில் சொந்தக் காணி, தனி வீடு, வாகனம், சாமான் அடுக்க ஓர் அறை எல்லாம் உள்ளவர்களுக்காக. கரண்ட் இல்லாத வாரத்தையோ பனிப்புயலையோ வீட்டுக்குள்ளேயே இருந்து சமாளிப்பது அவர்கள் கணக்கு. நமக்கு வீட்டுக்கு மேலே இருக்கிற மலையே இறங்கி வருகிறது. லயத்துக் காம்பராவில், அந்த ஒற்றை அறை வீட்டில், ஒரு வருட அரிசியை அடுக்கினால் மண் வரும்போது அதுவும் சேர்ந்து போகும், வராவிட்டால் ஈரமும் எலியும் தின்னும். அதைவிட மோசம், இவ்வளவு சாமானை விட்டுவிட்டு எப்படிப் போவது என்று அம்மா வாசலில் தயங்கி நிற்பார்.

2014 ஒக்டோபர் 29 காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போயின. அந்த இடம் ஆபத்தானது என்று பல வருடங்களுக்கு முன்பே சொல்லியிருந்தார்கள். சொல்லியும் சனங்கள் அங்கேயே இருக்க வேண்டியதாகிவிட்டதே என்பதை நினைத்தால் இப்போதும் எனக்கு மனசு ஆறுவதில்லை. ஆகவே உங்கள் வீட்டுக்கு என் முதல் யோசனை, எப்போது கிளம்புவது, எந்த வழியாகப் போவது என்ற இரண்டையும் இப்போதே முடிவு செய்யுங்கள். இதற்குக் காசு தேவையில்லை.

எப்போது என்பதற்கு ஒரு பழைய பால்மா டின் போதும். வாயும் அடியும் ஒரே அகலமாக இருக்க வேண்டும். கூரையோ மரமோ மேலே இல்லாத இடத்தில் ஆடாமல் வைத்து, தினமும் ஒரே நேரத்தில் அடிமட்டத்தால் தண்ணீரின் உயரத்தை அளந்து, எழுதிவிட்டு, கொட்டிவிட வேண்டும். தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கைக்கு வைத்திருக்கும் அளவுகள் இவை: 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர், அதாவது ஏழரை சென்டிமீற்றர் பெய்தால் கவனமாக இருக்க வேண்டும், 100 என்றால் கிளம்பத் தயாராக வேண்டும், 150ஐத் தொட்டாலோ ஒரே மணி நேரத்தில் 75 கொட்டினாலோ வெளியேறிவிட வேண்டும். மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று ரேடியோவில் சொல்வதும் இந்த மூன்று படிகளைத்தான். ஒரு மலையில் கொட்டும் மழை அடுத்த மலையில் தூறலாக இருக்கும் என்பது நமக்குத் தெரியும், அதனால் உங்கள் வாசலில் இருக்கிற டின்னுக்கு மதிப்பு அதிகம். பெருமழை நேரத்தில் ராத்திரி படுக்கும் முன் ஒரு தடவை பார்க்கச் சொல்லுங்கள்.

டின் என்ன சொன்னாலும் சரி, நிலம் காட்டும் அடையாளம் அதற்கு மேல். இஸ்தோப்பிலோ சுவரிலோ புது வெடிப்பு, நேற்றுவரை சாத்திய கதவு இன்று இறுகுவது, மரமும் போஸ்டும் சாய்வது, இல்லாத இடத்தில் ஊற்றுக் கிளம்புவது, ஓடிய பீலி (மலை ஊற்றுத் தண்ணீர் விழும் குழாய்) திடீரென்று நிற்பது அல்லது கலங்கி வருவது, மேலே கல் உருளும் இரைச்சல். இதில் ஒன்றைக் கண்டாலும் கிளம்பிவிட வேண்டும், சிவப்பு அறிவிப்பு வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

அடுத்தது வழி. மண் வரும் பாதையிலிருந்து பக்கவாட்டில் விலகிப் போக வேண்டும். ஓடையையும் கானையும் ஒட்டிக் கீழே ஓடக் கூடாது, மண்ணும் கல்லும் அந்த வழியாகத்தான் வரும். பள்ளிக்கூடமோ கோவிலோ எங்கே ஒதுங்குவதானாலும் அந்தக் கட்டிடமே சரிவுக்குக் கீழே இருக்கிறதா என்று கிராம உத்தியோகத்தரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அடுத்த முறை ஊருக்குப் போகும்போது அம்மாவையும் தங்கச்சியையும் கூட்டிக்கொண்டு அந்த வழியில் ஒரு தரம் நடங்கள், முடிந்தால் மழையிலேயே நடங்கள், அப்போதுதான் எங்கே வழுக்குகிறது, எத்தனை நிமிடம் ஆகிறது என்று தெரியும்.

இனிப் பை. ப்ரெப்பர்கள் சொல்வதில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். தங்கச்சியின் பழைய ஸ்கூல் பை போதும். அதில் முதலில் போக வேண்டியது அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், ஈ.பி.எஃப். (சேமலாப நிதி) கடிதங்கள், வங்கிப் புத்தகம், அப்பாவின் கிளினிக் கொப்பி. எல்லாவற்றையும் பொலித்தீனில் இறுக்கிக் கட்டி வையுங்கள், படமெடுத்து ஒரு பிரதியை உங்கள் போனிலும் வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளத்துக்குப் பிறகு ஒரு சான்றிதழுக்காக வருடக்கணக்கில் அலைந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன், அந்த அலைச்சல் யாருக்கும் வேண்டாம். அப்புறம் ஒரு வாரத்து மருந்து, டோர்ச், பெட்டரியில் ஓடும் சின்ன ரேடியோ, விசில், ஆளுக்கு ஒரு கம்பளி, மாற்று உடுப்பு, பெண்களுக்கான நாப்கின், சில்லறை நோட்டாகக் கொஞ்சம் காசு. சாப்பாட்டுக்குச் சமபோஷ என்ற சத்துமா, பிஸ்கட், கடலை போல அடுப்பு தேவையில்லாதது. கோதுமை மாவைப் பையில் வைத்து என்ன செய்வது? 'ஒன்று இருந்தால் இல்லாதது போல, இரண்டு இருந்தால்தான் ஒன்று' என்று அவர்கள் சொல்வார்கள், டோர்ச் விஷயத்தில் அது அப்படியே உண்மை. சாமானைச் சுழற்றி மாற்றுவதும் அவர்களிடம் படிக்க வேண்டியது: ஒவ்வொரு சம்பள நாளும் பழைய பிஸ்கட்டை எடுத்துச் சாப்பிட்டுவிட்டுப் புதிதை வையுங்கள்.

அவர்கள் சொல்லும் ஒன்றை மட்டும் நான் ஏற்க மாட்டேன். சேர்த்து வைத்ததை அயலாருக்குத் தெரியாமல் மறைத்து வை, உன் குடும்பத்தை மட்டும் பார் என்கிறார்கள். லயத்தில் பக்கத்து வீட்டுக்கும் நமக்கும் ஒரே சுவர். ராத்திரி இரண்டு மணிக்கு விசில் ஊதினால் பத்துக் காம்பராவும் சேர்ந்து எழும்ப வேண்டும். எந்த வீட்டில் கைக்குழந்தை, எந்த வீட்டில் நடக்க முடியாதவர், யார் யாரைத் தூக்குவது என்று முன்பே பேசி வையுங்கள். அறிவிப்பு சில நேரம் சிங்களத்தில் மட்டும்தான் கைக்கு வருகிறது, அதை வாசித்துச் சொல்ல லயத்தில் ஒரு பிள்ளையைப் பொறுப்பாக்குங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117, அம்புலன்ஸுக்கு 1990, இரண்டையும் கதவில் பெரிதாக எழுதி ஒட்டுங்கள். கோல் போகாத நேரத்தில் எஸ்.எம்.எஸ். சில சமயம் போய்விடும், அதை அம்மாவுக்குப் பழக்குங்கள்.

அப்பாவோடு வாதாட வேண்டாம். எந்த வருடம் எந்த மலை இறங்கியது, பழைய ஊற்று எங்கே இருந்தது என்று கேளுங்கள், அவருக்குத் தெரிந்தது எந்த வீடியோவிலும் இல்லை. டின்னை அளந்து எழுதும் வேலையையும் அவரிடமே கொடுங்கள். முனியாண்டிக்குப் படையலும் போடட்டும்.

கேள்வி: பெருமழைக்குப் பிறகு எங்கள் பீலித் தண்ணீர் நாலைந்து நாள் செம்மண்ணாக வருகிறது. பிளீச் ஊற்றினால் சுத்தமாகிவிடும் என்று மகன் எங்கோ படித்துவிட்டுச் சொல்கிறான். பயமாக இருக்கிறது. – ஒரு வாசகி, பொகவந்தலாவை

பதில்: மகன் சொன்னது சரி, அளவுதான் முக்கியம். அதற்கு முன் கொதிக்க வைப்பதைச் சொல்கிறேன், அதுதான் சிறந்தது. தண்ணீரைத் தெளியவிட்டு, நாலாக மடித்த சுத்தமான பருத்தித் துணியில் வடிகட்டி, தளதளவென்று கொதித்த பிறகு ஒரு நிமிடம் விடுங்கள். 2,000 மீற்றருக்கு மேலே உள்ள இடங்களில் மூன்று நிமிடம் என்பார்கள். நுவரெலியா நகரமே 1,868 மீற்றர்தான், அதனால் உங்களுக்கு ஒரு நிமிடம் போதும். விறகு நனைந்துவிடும் என்பதால் இரண்டு நாள் விறகை உள்ளே உயரத்தில் போட்டு வையுங்கள். ஆனால் குளிர் என்று கரி நெருப்பை மூடிய அறைக்குள் வைத்துத் தூங்கவே வேண்டாம், அதிலிருந்து வரும் நச்சு வாயுவுக்கு மணமே இல்லாமல் ஆளைக் கொல்லும் தன்மை உண்டு.

அடுப்பு மூட்டவே வழியில்லை என்றால் பிளீச். வாசனையோ நிறமோ சேர்க்காதது, போத்தலில் சோடியம் ஹைப்போகுளோரைட் 5 முதல் 6 சதவீதம் என்று இருக்க வேண்டும். வடித்த தண்ணீர் ஒரு லீற்றருக்கு இரண்டே சொட்டு, கலங்கலாக இருந்தால் நாலு. கலக்கி அரை மணி நேரம் மூடி வையுங்கள். இலேசாகக் குளோரின் வாடை வந்தால் குடிக்கலாம். ஒன்றை மறக்க வேண்டாம்: தேயிலை மலைக்கு அடித்த மருந்து கொதிக்க வைத்தாலும் போகாது, பிளீச்சுக்கும் போகாது. மேலே அண்மையில் மருந்தடித்திருந்தால் அந்தப் பீலியை விட்டுவிட்டு மழைத் தண்ணீரைப் பிடித்துக் கொதிக்க வையுங்கள். பிள்ளைக்கு வயிற்றோட்டம் வந்தால் ஜீவனி (உப்பும் சீனியும் சேர்ந்த நீரிழப்புத் தூள்) கரைத்துக் கொடுத்துக்கொண்டே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

கேள்வி: உயிர் பிழைக்கும் வழிகாட்டி ஒன்றில், பாம்பு கடித்தால் கீறி இரத்தத்தை உறிஞ்சித் துப்பச் சொல்கிறது. காட்டுக் காளானைச் சமைத்துச் சாப்பிடலாம் என்றும் எழுதியிருக்கிறது. நம்பலாமா? – மாணவன், அப்புத்தளை

பதில்: இரண்டையும் நம்ப வேண்டாம் தம்பி. கீறக் கூடாது, உறிஞ்சக் கூடாது, இறுக்கிக் கட்டவும் கூடாது. கடிபட்டவரை அசையாமல் வைத்து, மோதிரம் வளையலைக் கழற்றி, 1990க்கு அடியுங்கள். பாம்பைத் தேடிப் பிடிக்கப் போக வேண்டாம். காளான் விஷயத்தில் நச்சுக் காளானைச் சமைத்தாலும் நஞ்சு போகாது. மனிதன் சாப்பாடில்லாமல் வாரக்கணக்கில் தாங்குவான், தண்ணீர் இல்லாமல் மூன்று நாளைத் தாண்டுவதே கஷ்டம், நனைந்த உடம்போடு குளிரில் சில மணி நேரம்கூட ஆபத்து என்று அதே வழிகாட்டிகள் சொல்வது சரியானது. ஆகவே முதலில் காய்ந்த உடுப்பு, பிறகு தண்ணீர். காளானுக்கு அவசரமே இல்லை.

கேள்வி: மாமியார் படுத்த படுக்கை. மண்சரிவு அறிவிப்பு வந்தால் இரண்டு பெண்களாக அவரை எப்படித் தூக்குவது? – ஒரு மருமகள், நோர்வூட்

பதில்: செம்மஞ்சள் அறிவிப்பிலேயே, வெளிச்சம் இருக்கும்போதே அவரை முதலில் அனுப்பிவிடுங்கள், சிவப்பு வரை வைத்திருக்க வேண்டாம். தட்டையான இடத்தில் கைப்பிடியுள்ள நாற்காலியில் உட்காரவைத்து, முன்னால் ஒருவர் பின்னால் ஒருவராகத் தூக்கலாம். படியிலும் ஒற்றையடிப் பாதையிலும் கம்பளியை இரண்டு நல்ல கம்புகளில் சுற்றித் தூளியாக்கி, நாலு பேர் பிடிக்க வேண்டும். அந்த இன்னும் இரண்டு பேர் யார் என்று இந்த ஞாயிற்றுக்கிழமையே அடுத்த காம்பராவில் கேட்டுவிடுங்கள், முதலில் திடமான ஒரு பிள்ளையை அதில் படுக்கவைத்துத் தூக்கிப் பாருங்கள்.