மியூர்ஃபீல்டில் பந்து தரையிலேயே போகட்டும்

வணக்கம். வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்றவன். கோவையில் கோல்ஃப் ஆடுகிறேன், ஹேண்டிகேப் 17 (மைதானத்தின் வழக்கமான கணக்கைவிடச் சுமார் 17 அடி கூடுதலாக ஆடுபவன்). எடின்பரோவில் இருக்கும் என் மகள், ஜூனில் ஒரு வியாழக்கிழமை ஸ்காட்லாந்தின் மியூர்ஃபீல்டு கோல்ஃப் மைதானத்தில் எங்கள் இருவருக்கும் இடம் பிடித்திருக்கிறாள். அவள் என்னைவிட 30 யார்டு தூரம் அடிப்பாள்; கிரீன் (குழி இருக்கும் ஒட்ட வெட்டிய புல்தரை) பக்கம் வந்தால் தடுமாறுவாள். இதற்கென்றே தூரம் அடிக்கப் புது டிரைவரும், பந்தை உயரத் தூக்கி அடிக்க 60 டிகிரி வெட்ஜும் வாங்கிவிட்டேன். 18 துளைகளையும் 90 அடிகளுக்குள் முடிக்க வழி சொல்லுங்கள். என்ன உடை வேண்டும்? பெண்களைச் சேர்க்காத கிளப்புக்கு மகளோடு போகலாமா என்று மனைவி கேட்கிறாள். பிற்பகலில் ஜோடியாக ஆடும் ஃபோர்சம்ஸைத் தவிர்க்க முடியுமா?

கே., கோவை

அன்புள்ள கே.,

உடை பற்றி ஒரு வரி போதும்: மதியச் சாப்பாட்டு அறைக்குக் கோட்டும் டையும் வேண்டும், மறக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள். மனைவி கேட்டது நியாயமான கேள்விதான், ஆனால் பழைய செய்தியை வைத்துக் கேட்கிறார். 1744-இல் எடின்பரோ அருகே லீத்தில் கோல்ஃபின் 13 விதிகளை எழுதிவைத்த சங்கத்தின் மைதானம் இது. பெண்களை உறுப்பினராக்கும் தீர்மானம் 2016-இல் அங்கே தோற்றது. மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு கிடைக்கவில்லை. ஓபன் போட்டி இனி இங்கே இல்லை என்று அதை நடத்துபவர்கள் உடனே அறிவித்தார்கள். மறு வருடமே தீர்மானம் நிறைவேறியது. 2022-இல் பெண்கள் ஓபன் அங்கேதான் நடந்தது, ஆஷ்லி புஹாய் ஜெயித்தார். மகளோடு தாராளமாகப் போங்கள்.

அந்த 60 டிகிரி வெட்ஜை ஏன் வாங்கினீர்கள்? யாரைக் கேட்டு வாங்கினீர்கள்? கொஞ்ச நாளாகவே இதைப் பற்றி எழுத நினைத்திருந்தேன், நீங்கள் மாட்டிக்கொண்டீர்கள்.

மியூர்ஃபீல்டு ஒரு லிங்க்ஸ் மைதானம். லிங்க்ஸ் என்பது கடலுக்கும் வயலுக்கும் நடுவில் கிடக்கும் மணல்மேடு. பெய்த மழை நிற்காமல் உள்ளே இறங்கிவிடும். மேலே ஃபெஸ்க்யூ புல், மெல்லியது, ஒட்ட வெட்டியது. நம் ஊரில் நீர் பாய்ச்சி வளர்த்த புல் பந்தைத் தூக்கிப் பிடித்திருக்கும். வெட்ஜ் அடியில் நுழைய இடம் இருக்கும். அங்கே பந்து மண்ணோடு ஒட்டி உட்கார்ந்திருக்கும். 12, 14 டிகிரி பவுன்ஸ் (அடிப்பாகம் கீழே புடைத்திருக்கும் கோணம்) உள்ள வெட்ஜை அதன்மேல் வீசினால், சிமெண்ட் தரையில் மண்வெட்டி போட்டது போல அடிப்பாகம் துள்ளும். முன்விளிம்பு மேலேறிப் பந்தின் நடுவயிற்றில் படும். பந்து கிரீனைத் தாண்டி அந்தப் பக்கத்துப் பங்கரில் (மணல்குழியில்) விழும். அதற்குப் பயந்து அடுத்த தடவை கையைத் தளர்த்துவீர்கள். மட்டை பந்துக்கு முன்னாலேயே தரையில் இடிக்கும், பந்து ஒரு அடி நகரும். 17 ஹேண்டிகேப்காரர் 100-ஐத் தாண்டுவது பெரும்பாலும் இப்படித்தான்.

கிரீனுக்கு வெளியே 20 யார்டு தள்ளி இருந்தாலும், நடுவில் உயர்ந்த புல்லோ பங்கரோ இல்லையென்றால் பந்தை உருட்டும் மட்டையான பட்டரை எடுங்கள். அதே தூரத்தைக் கிரீனில் உருட்ட எவ்வளவு அடிப்பீர்களோ, அதைவிட மூன்றில் ஒரு பங்கு கூட்டி அடியுங்கள். எதிரே மேடு இருந்தால் 7 அயர்ன்: பந்தை வலது கால் பக்கம் வைத்து, மணிக்கட்டை மடக்காமல், பட்டர் அடி போலவே அடியுங்கள். மோசமான பட் குழியிலிருந்து 10 அடியில் நிற்கும். வெட்ஜால் தூக்கி அடிக்கும் மோசமான லாப் எங்கே நிற்கும் என்பதை மேலே சொல்லிவிட்டேன். இதில் கூச்சப்பட என்ன இருக்கிறது? பை சுமந்து பக்கத்தில் வரும் கேடியே பட்டரைத்தான் நீட்டுவார். இன்னொன்று: நம் ஊர் பெர்முடா கிரீனில் புல் சாயும் திசையைப் பார்த்துப் பழகிய கண் உங்களுடையது. ஃபெஸ்க்யூவில் அந்த இழுப்பு அநேகமாகக் கிடையாது. சரிவை மட்டும் பாருங்கள்.

டிரைவர் கதையும் இதுதான். 2013-இல் மிக்கெல்சன் இங்கே டிரைவரே இல்லாமல் ஓபன் ஜெயித்தார். கடைசி நாள் 66. 17-ஆவது துளை பார் 5, அதாவது ஐந்து அடியில் முடிக்க வேண்டியது; அதன் கிரீனை, டிரைவரைவிடச் சிறிய 3 வுட் மட்டையால் இரண்டே அடியில் எட்டினார். காய்ந்த தரை மீதி தூரத்தைத் தானே கொடுக்கும். எதிர்காற்றில் வழக்கத்தைவிட இரண்டு படி தூரம் போகும் மட்டையை எடுத்து, ஒரு அங்குலம் இறக்கிப் பிடித்து, முக்கால் வீச்சில் அடியுங்கள். ஓங்கி அடித்தால் சுழற்சி கூடி, பந்து மேலே ஏறி, அங்கேயே தொங்கி விழும். ‘ஒன்பது துளை போகும்போது எதிர்காற்று, திரும்பும்போது பின்காற்று’ என்ற கணக்கும் இங்கே செல்லாது. முதல் ஒன்பது வெளிவட்டமாகக் கடிகாரச் சுற்றில் போகும், அடுத்த ஒன்பது உள்ளே எதிர்ச்சுற்றில். காற்றின் கோணம் மாறிக்கொண்டே இருக்கும்.

பங்கர்களின் முகப்பு, புல்கட்டிகளை அடுக்கிக் கட்டிய செங்குத்துச் சுவர். சுற்றுப்புறத் தரையே பந்தை உள்ளே வழித்துவிடும். சுவரடியில் கிடந்தால் பக்கவாட்டில் அடியுங்கள், முடியாவிட்டால் பின்னால் அடியுங்கள். 2002-இல் இங்கே ஓபன் ஜெயித்த எர்னி எல்ஸ் 13-ஆவது துளைப் பங்கரிலிருந்து குழிப் பக்கமே எடுத்தார் என்று யாராவது சொல்வார்கள். அவர் எல்ஸ்.

90-க்குள்ளா? ஸ்கோர் கார்டைப் பையிலேயே வையுங்கள். ஃபோர்சம்ஸைத் தவிர்க்கலாமா என்கிறீர்களே, அந்த மைதானத்தின் உயிரே அதுதான். இருவருக்கு ஒரே பந்து, மாற்றி மாற்றி அடி. ஒருவர் ஒற்றைப்படைத் துளைகளில் டீ (துளையின் முதல் அடி) அடிப்பார், மற்றவர் இரட்டைப்படையில். யாருக்கு எது என்பதை முதல் டீயில் நின்று யோசிக்காதீர்கள். இங்கே பார் 5 மூன்று: 5, 9, 17. மூன்றும் ஒற்றைப்படை. பார் 3 நான்கு: 4, 7, 13, 16. பாதிக்குப் பாதி. மகள்தான் 30 யார்டு கூட அடிக்கிறாளே, ஒற்றைப்படையை அவளிடம் கொடுத்துவிடுங்கள். கிரீனுக்கு வெளியே அவள் முறை வந்தால் பட்டரைக் கையில் கொடுங்கள்.