மீட்டர் பிழை காட்டினாலும் காசோலையை நிறுத்தாதீர்கள்

கேள்வி: நான் களுவாஞ்சிக்குடிப் பக்கம் ஓடாவி. மட்டக்களப்பில் ஒரு கடையில் டேபிள் சோ மெஷின் (மேசையோடு இருக்கிற பலகை அறுக்கும் வாள்) வாங்கி இரண்டு மாதம் தாண்டிவிட்டது. பாதிக் காசு கையில் கொடுத்தேன், மீதிக்குப் பின்திகதியிட்ட காசோலைகள். ஃபென்ஸில், அதாவது பலகையை ஒட்டிப்பிடித்துத் தள்ளுகிற தடுப்பில், இருக்கிற டிஜிட்டல் மீட்டர் 600 மி.மீ. என்று காட்டினால் பலகை 598.5 தான் வருகிறது. இரண்டாம் கிழமையே கண்டுபிடித்தேன். அலுமாரி ஓடருக்கு வெட்டிய போர்ட் எல்லாம் வீண். இடையில் கல்முனையில் வாங்கிய மெல்லிய பிளேட் ஒன்றும் மாட்டினேன். கடைக்காரர் ஆட்களுக்கு முன்னால் "உனக்கு மெஷின் பிடிக்கத் தெரியாது" என்று கேவலப்படுத்தினார். வேறு வழியில்லாமல் இன்றும் அதில்தான் வேலை செய்கிறேன். அடுத்த காசோலையை நிறுத்திவிட்டு, முழுக் காசையும் நட்டஈட்டையும் கேட்கலாமா? அளவீட்டுத் திணைக்களத்தில் முறையிடலாமா?

பதில்: கடைக்காரர் பேசியதை விடுங்கள். ஒப்பந்த வழக்கில் மன உளைச்சலுக்குக் காசு கிடைக்காது. அளவீட்டுத் திணைக்களத்தின் வேலை, வியாபாரத்தில் அளந்து விற்கும் தராசையும் கோலையும் பார்ப்பது. உங்கள் பட்டறை மெஷினுக்காக அவர்கள் வரமாட்டார்கள்.

சட்டத்துக்குத் தேவையானதை நீங்கள் போகிற போக்கில் ஒரு வரியில் எழுதியிருக்கிறீர்கள்: பிளேட் மாற்றியது. பிழை மெஷின் கைக்கு வந்த நாளிலேயே இருந்ததா, பிளேட் மாற்றிய பிறகு வந்ததா? பிளேட் மாறினால் மீட்டரைத் திரும்பப் பூச்சியத்தில் வைக்க வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும். எதிர்த்தரப்புச் சட்டத்தரணியும் அதைத்தான் முதலில் பிடிப்பார். ஆனால் உதாரணத்துக்கு 3.2 மி.மீ. வெட்டும் பிளேட்டைக் கழற்றி 2.4 மி.மீ. பிளேட் போட்டாலும், விளிம்பு 0.8 மி.மீ.க்கு மேல் நகர வழியில்லை. உங்கள் பிழை 1.5. ஆகவே பழைய பிளேட்டையே மாட்டிப் பூச்சியம் வைத்து, 100, 300, 600 என்று மூன்று துண்டு வெட்டி, இன்னொரு ஓடாவியின் முன்னிலையில் இரும்பு அடிக்கோலால் அளந்து படம் எடுங்கள். மூன்றிலும் ஒரே வித்தியாசம் என்றால் அது பூச்சியம் வைத்த பிழை, உங்கள் பக்கம் பலவீனம். அகலம் கூடக் கூட வித்தியாசமும் கூடினால் மீட்டரின் அளவுப்பட்டியிலேயே குறை. அப்போது 1896 ஆம் ஆண்டின் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டம் உங்களுக்குக் கைகொடுக்கும்.

கைகொடுத்தாலும் முழுக் காசு வராது. குறை தெரிந்த பிறகும் பொருளை வைத்து வேலை செய்தால் நீங்கள் அதை ஏற்றுக்கொண்டதாகவே சட்டம் கொள்ளும். திருப்பிக் கொடுக்கும் உரிமை அங்கேயே போய்விடும். மிஞ்சுவது நட்டஈடு மட்டும். அதுவும் அடிப்படையில், நல்ல பொருளுக்கும் கிடைத்த பொருளுக்கும் உள்ள விலை வித்தியாசம். மோட்டரும் மேசையும் ஒழுங்காக ஓடுகின்றன, பிழை மீட்டரில் மட்டும். அப்படியானால் ஒரு மீட்டரின் விலைக்காகத்தான் வழக்காடப் போகிறீர்கள். வீணான போர்ட்டில், பிழை தெரியமுன் வெட்டியதைக் கேட்டுப் பார்க்கலாம். தெரிந்த பிறகும் டேப் பிடித்துப் பார்க்காமல் வெட்டியதை எந்த நீதிபதியும் கடைக்காரர் தலையில் கட்டமாட்டார்.

இனி நான் உண்மையில் பயப்படுகிற விடயம். காசோலையை நிறுத்தாதீர்கள். நியாயம் முழுவதும் தங்கள் பக்கம் இருந்தவர்கள் இந்த ஒரே செயலால் எதிராளியாகி நிற்பதைப் பார்த்திருக்கிறேன். காசோலைக்கு மேல் போடுகிற வழக்கு சாதாரண வழக்கு மாதிரி நடக்காது. குடியியல் நடவடிக்கைமுறைக் கோவையின் 53 ஆம் அத்தியாயத்தில் இருக்கிற சுருக்க நடைமுறையில், பதில் சொல்வதற்கே முதலில் நீதிமன்றத்தின் அனுமதி வேண்டும். அனுமதி தரும்போது பணத்தைக் கட்டிவிட்டு வா என்றும் சொல்லலாம். மீட்டர் பிழை என்ற உங்கள் உண்மையான முறைப்பாடு, அந்த அனுமதி கேட்கும் சத்தியக்கடதாசியில் ஒரு பந்தியாகச் சுருங்கிவிடும். காசோலை திரும்பினால் பொலிஸ் முறைப்பாடும் வரும். இன்று கடைக்காரர்தான் பதில் சொல்லவேண்டிய ஆள். நிறுத்திய அடுத்த நாள் அந்த ஆள் நீங்கள்.

காசு கட்டமுடியாத நிலை என்றால், திகதி வருமுன் எழுத்தில் அவகாசம் கேளுங்கள். வாயால் பேசி முடிக்காதீர்கள்.

இன்னொன்று: 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுத்தில் முறையிட, வாங்கிய நாளிலிருந்து 3 மாதம்தான் தவணை. உங்களுக்கு இரண்டு மாதம் ஏற்கெனவே போய்விட்டது. பற்றுச்சீட்டு, வாரண்டி அட்டை, அளந்த படங்களுடன் இந்தக் கிழமையே அனுப்புங்கள். யாரையும் கொண்டு மீட்டரைக் கழற்ற விடவேண்டாம்.

என் அபிப்பிராயம் வெளிப்படையானது: சமாதானமாகப் போங்கள். புது மீட்டர் பொருத்தித் தரட்டும், இல்லையென்றால் அதன் விலையும் முதல் நாட்களில் வீணான போர்ட்டின் விலையும் மீதிக் காசில் கழியட்டும். கடைக்காரரும் இதற்கு மேல் இழுக்க விரும்பமாட்டார். இணங்கினால் இரண்டு பேரும் கையெழுத்து வையுங்கள், காசோலை இலக்கங்களையும் அதில் எழுதுங்கள். குறைத்த தொகைக்குப் புதுக் காசோலை கொடுக்கும்போது பழையதைக் கையில் வாங்கிக்கொண்டே கொடுங்கள்.