காலி செய்யும் வீட்டுக்கு வெள்ளையடித்த கதை – கடிதம்

அன்புள்ள ஐயா,

அமெரிக்கக் கல்லூரி சாஃப்ட்பால் (பேஸ்பாலின் தங்கை, பெண்கள் ஆடுவது) பற்றிய குறிப்பில், மேற்கு மாநிலக் கல்லூரிகளின் கூட்டமைப்பான பேக்-12 கான்ஃபரன்ஸ், லீக் ஆட்டங்கள் முடிந்தபின் நடத்திய நாக்-அவுட் சாம்பியன்ஷிப் தொடருக்கு ‘இரண்டே வருட வரலாறு’ என்று ஒரு வரியோடு நிறுத்திவிட்டீர்கள். நான் ஃபீனிக்ஸில் இருக்கிறேன், என் மகள் பள்ளி அணியில் பிட்சர், அதாவது பந்து எறிபவள். தெற்கு மாநிலங்களின் கான்ஃபரன்ஸான எஸ்.இ.சி. 1997-லேயே இப்படி ஒரு தொடரை ஆரம்பித்துவிட்டது. பேக்-12 ஏன் 2023 வரை தூங்கியது? பெண்கள் ஆட்டம்தானே என்ற அலட்சியம் என்றே நினைக்கிறேன். நீங்களும் அதைச் சொல்லாமல் தாண்டிப் போனது வருத்தம்.

ரா. கி.

அன்புள்ள ரா. கி.,

ஒரு வரியோடு விட்டது என் தப்புதான். ஆனால் அலட்சியம் என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. அதே கான்ஃபரன்ஸில் ஆண்களின் பேஸ்பாலுக்கும் 2022 வரை இப்படி ஒரு தொடர் கிடையாது. ஆண்கள் கூடைப்பந்துக்கு 1987-ல் ஆரம்பித்தார்கள், நாலே வருடத்தில் மூட்டை கட்டினார்கள், 2002-ல்தான் மறுபடி பிரித்தார்கள். பெண்கள் கூடைப்பந்துக்கும் அதே 2002-ல்தான் வந்தது. மேற்குக் கரைக்காரர்களுக்கு இந்த நாக்-அவுட் சமாச்சாரமே பிடிக்கவில்லை, ஆணென்ன பெண்ணென்ன.

பிடிக்காததற்குக் காரணம் இருந்தது. அங்கே லீக் ஆட்டம் என்றால் வாரக் கடைசியில் ஒரே அணியோடு மூன்று ஆட்டம், இப்படிப் பல வாரம். எதிரில் நிற்பவர்கள் யார்? 1988 முதல் 1997 வரை பத்து வருடமும் தேசியக் கோப்பை இதே கான்ஃபரன்ஸின் யு.சி.எல்.ஏ.வுக்கு (லாஸ் ஏஞ்சல்ஸ் பல்கலைக்கழக அணி) அல்லது அரிசோனாவுக்குத்தான் போனது. (1995-ல் யு.சி.எல்.ஏ. வென்றதைப் பின்னால் பறித்துக்கொண்டார்கள், அது வேறு கதை.) 2002-ல் கலிபோர்னியா, 2008-ல் அரிசோனா ஸ்டேட், 2009-ல் வாஷிங்டன் என்று அக்கம்பக்கத்து வீடுகளுக்கும் கோப்பை வந்தது. இந்தக் கூட்டத்தோடு இரண்டு மாதம் மல்லுக்கட்டி முதலில் வந்தவரை, மூன்று நாள் திருவிழாவில் இன்னொரு முறை நிரூபி என்று கேட்பது எனக்கும் அதிகப்படியாகத்தான் தெரிகிறது.

இன்னொன்றும் இருக்கிறது. கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் என்.சி.ஏ.ஏ.வின் தேசியத் தொடரில் 64 அணிகள். கான்ஃபரன்ஸ் சாம்பியனுக்கு நேரடி இடம், மீதியைக் குழு தேர்ந்தெடுக்கும். சின்ன கான்ஃபரன்ஸுக்குத் தன் தொடரில் ஜெயிப்பது ஒன்றுதான் வாசல். பேக்-12-ல் அப்போது பாதிக்கு மேற்பட்ட அணிகளுக்கு இடம் எப்படியும் கிடைத்துவந்தது. அப்புறம் தொடர் எதற்கு? தொலைக்காட்சிக்கு என்பது என் ஊகம்.

சரி, கடைசியில் 2023 மே மாதம் டூசானில் நடத்தினார்கள், அரிசோனாவின் மைதானத்தில். பேக்-12-ல் அப்போது சாஃப்ட்பால் ஆடிய கல்லூரிகள் ஒன்பதுதான், அதனால் கடைசி இரண்டு பேருக்கு மட்டும் முதல் சுற்று. இதில் வேடிக்கை என்னவென்றால், யு.சி.எல்.ஏ. பிக் டென் என்ற வேறு கான்ஃபரன்ஸுக்குப் போகப்போவதாக முந்தைய வருடம் ஜூன் 30-ஆம் தேதியே சொல்லிவிட்டது. காலி செய்யப்போகிற வீட்டுக்கு வெள்ளையடித்த கதைதான்.

ஆனால் என் வாதத்தில் ஓட்டை போட்டது அந்த டூசான் வாரம்தான். எட்டு முறை தேசியக் கோப்பை வாங்கிய அரிசோனாவுக்கு அந்த வருடம் லீக்கில் அடிமேல் அடி. தேசியத் தொடரில் இடம் நிச்சயமில்லை, இந்தத் தொடரை வென்றால் நேராக நுழையலாம் என்ற நிலை. சொந்த ஊரில், சொந்த ஜனத்தின் முன்னால் அதுவும் நடக்கவில்லை. 1987-லிருந்து விடாமல் போய்க்கொண்டிருந்த அணி அந்த வருடம் வெளியே நின்றது. வாசல் தேவையில்லாத வீடு என்று நான் சொன்னேன் அல்லவா, அதே வீட்டின் மூத்த பிள்ளைக்கே வாசல் தேவைப்பட்டது.

இறுதியாட்டத்தில் லீக் சாம்பியன் யு.சி.எல்.ஏ.வை யூட்டா 7–6 என்று சாய்த்தது. 2011-ல்தான் கான்ஃபரன்ஸுக்கு வந்த அணி. பிறகு நடந்ததையும் கேளுங்கள். தேசியத் தொடரில் யு.சி.எல்.ஏ.வுக்கு இரண்டாம் தரவரிசை, யூட்டாவுக்குப் பதினைந்து. அட்டவணைப்படி முதல் கட்டத்தில் ஜெயித்தால் இருவரும் லாஸ் ஏஞ்சல்ஸில் மறுபடி மோத வேண்டும். யு.சி.எல்.ஏ. தன் மைதானத்திலேயே லிபர்ட்டி, கிராண்ட் கேன்யன் பல்கலைக்கழக அணிகளிடம் தோற்று முதல் கட்டத்திலேயே கிளம்பியது. அங்கிருந்து மேலே வந்தது சான் டியேகோ ஸ்டேட். அவர்களை யூட்டா சால்ட் லேக் சிட்டிக்கே வரவழைத்து வென்று, 1994-க்குப் பிறகு முதல் தடவையாக ஓக்லஹோமா சிட்டியில் நடக்கும் ‘உலகத் தொடர்’ என்ற தேசியத் தொடரின் கடைசிக் கட்டத்துக்குப் போனது.

2024-ல் ஸ்டான்ஃபோர்டில் அதே இருவர் இறுதியாட்டம், இந்த முறை யு.சி.எல்.ஏ. 2–1. அத்தோடு சரி. பன்னிரண்டில் பத்து கல்லூரிகள் பிக் டென், பிக் 12, ஏ.சி.சி. என்று வேறு கான்ஃபரன்ஸ்களுக்குப் பிரிந்துபோயின. மிஞ்சிய இரண்டில் வாஷிங்டன் ஸ்டேட்டுக்கு சாஃப்ட்பால் அணியே இல்லை. அப்போது ஆரெகன் ஸ்டேட் தனியாக யாரோடு தொடர் ஆடும்?

மகள் பிட்சர் என்றீர்கள். கல்லூரி ஆட்டத்தில் 43 அடி தூரத்திலிருந்து, கையைக் கீழிருந்து சுழற்றி எறிவதால், நல்ல பிட்சர் ஒருத்தி இன்று ஆடி நாளையும் வந்து நிற்க முடிகிறது. மூன்று நாள் நாக்-அவுட்டை ஒரே கை தூக்கிச் சுமந்துவிடலாம். லீக்கில் அது நடக்காது, இரண்டாவது மூன்றாவது பிட்சரும் தேற வேண்டும். அவர் லீக் கட்சியா, நாக்-அவுட் கட்சியா என்று கேட்டு எழுதுங்கள். அணியில் அவர் எத்தனையாவது பிட்சர் என்பதையும் சேர்த்து எழுதினால் பதிலைப் புரிந்துகொள்ள வசதியாக இருக்கும்.