மூக்குல அடிக்கிற பாசம்

கேள்வி: என் அக்கா பையனுக்கு 6 வயசு, ஆட்டிசம். யார்கூடயும் பேச மாட்டான், நடக்கும்போது என் துப்பட்டாவ மட்டும் புடிச்சுக்குவான். ஆக்ஸிடோசின்னு ஒரு 'காதல் ஹார்மோன்' ஸ்ப்ரேய மூக்குல அடிச்சா எல்லார்கிட்டயும் நல்லா பழகுவான்னு வாட்ஸ்அப்ல ஒருத்தர் விக்கிறார். வாங்கலாமா? - ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: வாங்காதீங்கம்மா. பதில் முடிஞ்சுது. இனிமே வர்றது என் புலம்பல், அடுப்புல ஏதாவது இருந்தா போய்ப் பாத்துட்டு வாங்க.

ஹார்மோன்னு எழுதினதுக்கு முதல்ல ஒரு கும்பிடு. 'இயக்குநீர்'னுதான் போடணும்னு இங்க ஒரு உதவி ஆசிரியர் ஒத்தக்கால்ல நின்னார், சரின்னு விட்டேன், ப்ரூஃப்ல 'நீ' போய் 'ந' ஆகி 'மூளையின் அடியில் சுரக்கும் இயக்குநர்'னு அச்சாகி வந்துடுச்சு. யாரைய்யா அந்த இயக்குநர்னு ஒரு வாரம் போன். இலங்கைல ஓமோன்னு எழுதிட்டு நிம்மதியா இருக்காங்க. அந்த உதவி ஆசிரியர் இன்னிவரைக்கும் என்கூடப் பேசுறதில்ல, அவர் மூக்குல எத அடிக்கிறதுன்னு தெரியல.

எனக்கு எரிச்சல் அந்த 'காதல்'லதான். 1906ல ஹென்றி டேல்ங்கிறவர் மூளைக்கு அடியில இருக்கிற பிட்யூட்டரி சுரப்பியோட சாறு பூனையோட கர்ப்பப்பைய இறுக்குதுன்னு கண்டுபுடிச்சார், அதுல இருந்துதான் கதை ஆரம்பம். ஆக்ஸிடோசின்னா கிரேக்கத்துல சட்டுனு பிரசவம்னு அர்த்தம், நம்மூர் பிரசவ வார்டுல அதுக்குப் பேரு வலி ஊசி, வலி ஊசி போட்டுக்கிட்ட எந்தப் பொம்பளையாவது அதக் காதல்னு சொல்லியிருக்காளா? பின்னாடி அமெரிக்கப் புல்வெளில ஜோடி பிரியாம வாழுற ஒரு எலிய ஆராய்ஞ்சப்போ அந்த ஒட்டுதல்லயும் இதுக்குப் பங்கு இருக்குன்னு தெரிஞ்சுது. உடனே பத்திரிகைக்காரங்க, எங்க கூட்டம்தான், காதல்னு பேர் வச்சு ஊர்வலம் விட்டுட்டாங்க.

இதுல ஒரு விஷமமும் இருக்கு. 1950, 60கள்ல ஆட்டிசத்துக்குக் காரணம் பாசமில்லாத தாய்னு சொல்லி 'ஃப்ரிட்ஜ் அம்மா'ன்னு பட்டம் குடுத்து எத்தனையோ பொம்பளைங்கள அழ வச்சாங்க. அது தப்புன்னு ஆயிடுச்சு. இப்போ அதே ஃப்ரிட்ஜத் தூக்கிப் புள்ள தலைல வைக்கிறாங்க, அவனுக்குக் காதல் சுரக்கலயாம்! 2014ல அமெரிக்காவோட ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்துல ரத்தத்த எடுத்துப் பாத்தாங்க, ஆட்டிசம் உள்ள புள்ளைங்களுக்கும் மத்த புள்ளைங்களுக்கும் ஆக்ஸிடோசின் அளவுல வித்தியாசமே இல்ல.

2017ல 32 புள்ளைங்களுக்கு 4 வாரம் ஸ்ப்ரே குடுத்தப்போ கொஞ்சம் பலன் தெரிஞ்சுதுங்கிறது வாஸ்தவம். வாட்ஸ்அப்காரர் அதோட படிப்ப நிறுத்திட்டார் போல. 2021ல 3லருந்து 17 வயசு வரைக்கும் 290 பேர், 24 வாரம், பாதிப்பேருக்கு மருந்து, பாதிப்பேருக்கு வெத்து ஸ்ப்ரே. பழகாம ஒதுங்கியிருக்கிறதுக்கு மார்க் போட்டுப் பாத்தா மருந்துக் குழுவுக்கு 3.7 குறைஞ்சிருக்கு, வெத்து ஸ்ப்ரே குழுவுக்கு 3.5. அவ்ளோதான் வித்தியாசம்.

எங்க ஊர்ல கன்னு செத்துப்போனா அதோட தோலுக்குள்ள வைக்கோலத் திணிச்சு மாட்டுக்கு முன்னாடி நிறுத்துவாங்க. மாடு அத நக்கிக்கிட்டே நிக்கும், கொஞ்ச நேரத்துல காம்புல பால் இறங்கிடும். அத இறக்கி விடுறதும் இதே ஆக்ஸிடோசின்தான். மாட்டக் குத்தம் சொல்ல முடியுமா? பெத்தவங்களையும் நான் சொல்ல மாட்டேன், வைக்கோல் கன்னு செஞ்சு விக்கிறவனத்தான் சொல்றேன்.

இவன் புது ஆளும் இல்ல. ஹார்மோன்ங்கிற வார்த்தைய 1905ல கொண்டுவந்தப்போ அதுக்கு முதல் உதாரணமே சீக்ரெட்டின்ங்கிற குடல் சரக்குதான். 1998ல அத ஏத்தினதும் 3 புள்ளைங்களுக்குப் பேச்சு தேறிச்சுன்னு சேதி வந்து அமெரிக்காவே அலைஞ்சுது. அடுத்த வருஷமே 60 புள்ளைங்கள வச்சுப் பாத்தாங்க, உப்புத்தண்ணி ஊசிக்கும் அதுக்கும் ஒரு வித்தியாசமும் இல்ல. இத அந்தப் பெத்தவங்ககிட்டயே சொன்னாங்க, கேட்டுட்டும் 69 சதவீதம் பேர் எங்களுக்கு அது இன்னும் வேணும்னாங்க. இத எழுதும்போது எனக்கே தொண்ட அடைக்குது, கிண்டல் வரமாட்டேங்குது.

ஸ்ப்ரே காசு மிச்சம், ஸ்பீச் தெரபிக்கு ஆகும். அப்புறம், துப்பட்டாவப் புடிச்சுக்கிட்டு நடக்கறான்னு எழுதியிருக்கீங்களே, அத எந்த பாட்டில்ல இருந்து அடிச்சாங்கன்னு அந்த வாட்ஸ்அப்காரர்கிட்ட கேட்டுச் சொல்லுங்க.