நகராத டிராக்கிங், வராத பார்சல்: வாசகர் கேள்வி – பதில்

கே: ஆர்டர் போட்ட மறுநாளே டிராக்கிங் எண் வந்துவிட்டது. ஆறு நாளாகியும் ‘லேபிள் உருவாக்கப்பட்டது’ என்ற ஒரே வரிதான் நிற்கிறது. பார்சல் எங்கே மாட்டிக்கொண்டது?

ப: பெரும்பாலும் விற்பவரிடமேதான் இருக்கும். விற்பவர் கணினியில் உங்கள் முகவரியைக் கொடுத்து லேபிளை எடுத்துவிட்டார் என்பதற்கு மேல் அந்த வரிக்குப் பொருள் கிடையாது. பெட்டி கட்டியாயிற்றா, கூரியர் கைக்குப் போயிற்றா என்பதெல்லாம் அதில் தெரியாது. ‘பிக்கப் ஆனது’, ‘பெறப்பட்டது’ போன்ற முதல் ஸ்கேன் விழுந்த பிறகுதான் பார்சல் வழியில் இருப்பதாகக் கணக்கு. கையில் சரக்கே இல்லாமல், அனுப்ப வேண்டிய கெடு தவறிவிடக் கூடாது என்று லேபிளை மட்டும் எடுத்துவைக்கும் விற்பனையாளர்கள் உண்டு. மொத்தமாக அள்ளிப் போகும்போது முதல் ஸ்கேன் விட்டுப்போய், அடுத்த சார்ட்டிங் மையத்தில், அதாவது பார்சல்களை ஊர்வாரியாகப் பிரிக்கும் இடத்தில்தான் பார்சல் தலைகாட்டுவதும் உண்டு.

அதனால் இன்னும் 2 வேலை நாள் பொறுக்கலாம். மூன்றாம் நாள் விற்பவருக்கு எழுதுங்கள். ‘என் பார்சல் எங்கே?’ என்று கேட்டால் ‘விரைவில் வரும்’ என்ற பதில்தான் வரும். ‘எந்தத் தேதியில் கூரியரிடம் ஒப்படைத்தீர்கள்? ஒப்படைத்த ரசீதின் படத்தை அனுப்புங்கள்’ என்று கேளுங்கள். இன்னும் ஒப்படைக்கவில்லை என்றால் அப்போதே ரத்து செய்வது சுலபம். அனுப்பிய பிறகு அதே வேலை ‘ரிட்டர்ன்’ ஆகிவிடும்.

கே: வெளிநாட்டிலிருந்து தபாலில் வரும் பொருள். ‘ஏற்றுமதி மையத்திலிருந்து புறப்பட்டது’ என்று காட்டி 14 நாள் ஆகிறது. அதற்குப் பிறகு சத்தமே இல்லை. தொலைந்துவிட்டதா?

ப: இதே கேள்வியைப் பல வாசகர்கள் அனுப்பியிருக்கிறார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறோம். டிராக்கிங் என்பது பார்சல் போகும் பாதையை நேரலையாகக் காட்டுவதில்லை. யாராவது ஒருவர் பார்கோடை ஸ்கேன் செய்த கணத்தை மட்டுமே அது பதிவு செய்கிறது. இரண்டு ஸ்கேன்களுக்கு நடுவில் பார்சல் ஓடினாலும் நின்றாலும் திரையில் ஒன்றுபோலத்தான் தெரியும்.

வெளிநாட்டுத் தபாலில் அந்த இடைவெளி மிகப் பெரியது. சிறு பார்சல்களை ஒரு பையில் போட்டு, சீல் வைத்து, பைக்குத் தனி பார்கோடு ஒட்டிவிடுவார்கள். வழி நெடுக ஸ்கேன் ஆவது பைதான், உள்ளே இருக்கும் உங்கள் பார்சல் இல்லை. சேரும் நாட்டின் பரிமாற்ற மையத்தில் பையைப் பிரித்தால்தான் உங்கள் எண் மறுபடி கண்ணில் படும். ‘புறப்பட்டது’ என்பதற்கு விமானம் ஏறிவிட்டது என்றும் அர்த்தமில்லை. பை கட்டி முடிந்தது, அவ்வளவுதான். பயணிகள் விமானத்தின் சரக்கு அறையில் இடம் கிடைக்கும்வரை அது விமான நிலையத்திலேயே காத்திருக்கலாம். மூன்றாவது நாடு வழியாக வந்தால் அங்கேயும் பையைப் பிரிக்க மாட்டார்கள், ஆகவே அங்கிருந்தும் தகவல் வராது.

எத்தனை நாள் பொறுப்பது என்பதற்கு ஒரு கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். எக்ஸ்பிரஸ் என்றால் 3 வேலை நாள் மௌனமே அதிகம், கேட்டுவிடலாம். விமானத் தபாலில் இரண்டு வாரம் சகஜம், மூன்றாவது வாரம் விசாரணையை ஆரம்பிக்கலாம். கப்பல் வழி என்றால் ஒன்றிரண்டு மாதம் சாதாரணம். இந்த நாட்களைக் கடைசி ஸ்கேன் தேதியிலிருந்து எண்ண வேண்டும், ஆர்டர் போட்ட தேதியிலிருந்து எண்ணக் கூடாது.

இதற்கிடையில் அதே எண்ணைச் சேரும் நாட்டுத் தபால் துறையின் தளத்தில் போட்டுப் பாருங்கள். அனுப்பிய நாட்டின் தளம் உறைந்து நிற்கும்போதே இங்கே ‘வந்து சேர்ந்தது’ என்று இருக்கலாம். தனியார் கூரியர் என்றால் கடைசிக் கட்டத்தை வேறொரு நிறுவனத்திடம் விட்டிருக்கக்கூடும். அவர்கள் புதிய எண் கொடுத்தால் பழைய எண் அத்தோடு நின்றுவிடும். ‘உள்ளூர் டெலிவரி எண் என்ன?’ என்று விற்பவரிடம் கேளுங்கள்.

முறையான விசாரணைக்கும் கெடு உண்டு. உலகத் தபால் ஒன்றியத்தின் விதிப்படி, அனுப்பிய நாளுக்கு மறுநாளிலிருந்து 6 மாதத்துக்குள் மனு கொடுக்க வேண்டும். பார்சல், பதிவுத் தபால், இன்சூர் செய்தது ஆகியவற்றுக்கு இது பொருந்தும். நஷ்ட ஈடு பொதுவாக அனுப்பியவருக்கே போகும் என்பதால், மனுவை விற்பவரையே போடச் சொல்வதுதான் சரி.

கே: கொடுத்த எண்ணைப் போட்டால் ‘தவறான எண்’ என்று வருகிறது. போலி எண்ணா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

ப: சர்வதேசத் தபால் எண்ணில் 13 இடங்கள்: முதலில் 2 ஆங்கில எழுத்து, பிறகு 9 இலக்கம், கடைசியில் நாட்டைக் குறிக்கும் 2 எழுத்து. ஒன்பதாவது இலக்கம் சரிபார்ப்பதற்கானது. முதல் 8 இலக்கங்களை முறையே 8, 6, 4, 2, 3, 5, 9, 7 ஆல் பெருக்கிக் கூட்டுங்கள். கூட்டுத்தொகையை 11 ஆல் வகுத்து, மீதியை 11 இலிருந்து கழியுங்கள். விடை 10 என்றால் 0, 11 என்றால் 5 என்று வைத்துக்கொள்ள வேண்டும்.

உதாரணமாக 12345678 என்று வைத்துக்கொள்வோம். 8, 12, 12, 8, 15, 30, 63, 56, மொத்தம் 204. 11 ஆல் வகுத்தால் மீதி 6, ஆகவே விடை 5. எண் 123456785 என்று முடிந்தால் கணக்குச் சரி. ஒத்துவரவில்லை என்றால் தட்டச்சுப் பிழை, அல்லது இட்டுக்கட்டிய எண். ஒத்துவந்தாலும் பார்சல் உண்மையில் அனுப்பப்பட்டது என்பதற்கு அது சாட்சி ஆகாது.

முதல் எழுத்தையும் கவனியுங்கள். ‘ஆர்’ பதிவுத் தபால், ‘சி’ பார்சல், ‘இ’ எக்ஸ்பிரஸ். ‘யு’ என்று ஆரம்பித்தால் அது பொதுவாக டிராக்கிங் இல்லாத சாதாரணத் தபால். எத்தனை நாள் பார்த்தாலும் டிராக்கிங் தகவல் வராது.

கே: ‘சுங்கத்தில் நிறுத்தப்பட்டுள்ளது’ என்று வந்தால் என்ன செய்ய வேண்டும்?

ப: சும்மா காத்திருக்க வேண்டாம். பல நேரம் அவர்கள் உங்கள் பதிலுக்குத்தான் காத்திருப்பார்கள். பெட்டி மேல் ‘பரிசு’, ‘உதிரிகள்’ என்று மொட்டையாக எழுதியிருந்தாலோ, விலை குறிப்பிடாமல் விட்டிருந்தாலோ அங்கேயே நின்றுவிடும். ரசீது, பணம் கட்டியதற்கான ஆதாரம், பொருளின் பெயரும் விலையும் தெரியும் ஸ்கிரீன்ஷாட், கேட்டால் அடையாளச் சான்று, எல்லாவற்றையும் ஒரே தடவையில் அனுப்புங்கள். ஒவ்வொன்றாக அனுப்பினால் ஒவ்வொரு முறையும் வரிசையின் கடைசியில் நிற்க நேரும். சுங்க வரியைக் குறைக்க, விலையைக் குறைத்துப் போடும்படி விற்பவரிடம் சொல்லவே சொல்லாதீர்கள். பார்சல் தொலைந்தால் ஈடு அந்தக் குறைந்த விலைக்குத்தான்.

பவர் பேங்க் வாங்கியவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. தனியாக அனுப்பப்படும் லித்தியம் அயான் பேட்டரியை 2016 ஏப்ரல் முதல் பயணிகள் விமானத்தில் சரக்காக ஏற்றக் கூடாது. பவர் பேங்கும் அந்தக் கணக்கில்தான் வரும். புறப்பட்ட ஊரின் பாதுகாப்புச் சோதனையிலேயே பிடிபட்டு விற்பவரிடம் திரும்பிப் போகலாம்.

கே: ‘டெலிவரி ஆகிவிட்டது’ என்கிறது. கைக்கு எதுவும் வரவில்லை.

ப: ஷிஃப்ட் முடிவதற்குள் கணக்கை முடிக்க முன்கூட்டியே ஸ்கேன் செய்துவிட்டு, மறுநாள் கொண்டுவருவது நடக்கிறது. மறுநாள் மாலைவரை பொறுக்கலாம், அதற்கு மேல் வேண்டாம். பக்கத்து வீடு, காவலாளி, வாசல் மூலை எல்லாம் பார்த்துவிட்டு, கூரியரிடம் டெலிவரி ஆதாரம் கேளுங்கள்: யார் கையெழுத்து, எடுத்த படம், ஜிபிஎஸ் இடம். படத்தில் இருக்கும் கதவு உங்கள் கதவுதானா என்று பாருங்கள். அன்றே விற்பவருக்கும் எழுத்தில் சொல்லிவிடுங்கள்.

இதில் ஒரு மோசடி இருக்கிறது. நீங்கள் வாங்கியது 3 கிலோ பொருள், டிராக்கிங்கில் எடை 50 கிராம். உங்கள் ஊரிலேயே வேறு ஏதோ முகவரிக்கு ஒரு வெற்று உறையை அனுப்பி, அந்த எண்ணை உங்களுக்குக் கொடுத்திருப்பார்கள். ஊர் பெயர் ஒத்துப்போவதால் புகார் தள்ளுபடி ஆகிவிடும். ‘இந்த எண்ணில் வந்த தபால் இந்த முகவரிக்கு உரியதல்ல’ என்று கூரியரிடமிருந்து எழுத்தில் வாங்கி, எடை தெரியும் ஸ்கிரீன்ஷாட்டோடு இணையுங்கள்.

கே: வீட்டிலேயே இருந்தேன், ‘ஆள் இல்லை’ என்று போட்டுவிட்டார்கள்.

ப: அன்றே கூரியரைக் கூப்பிட்டு, செல்போன் எண் சரியா என்று கேட்டு, அலுவலகத்துக்கே வந்து வாங்கிக்கொள்வதாகச் சொல்லுங்கள். இரண்டு மூன்று முயற்சிக்குப் பிறகு பார்சல் அனுப்பியவருக்கே திரும்பும். அந்த ஸ்கேன் விழுந்துவிட்டால் மறிப்பது கடினம்.

கே: ‘இன்னும் பத்து நாள் பொறுங்கள்’ என்று மூன்றாவது முறையாகச் சொல்கிறார் விற்பவர். பொறுக்கலாமா?

ப: பணத்தைத் திரும்பக் கேட்டுப் புகார் கொடுக்க உங்களுக்குள்ள கெடு தெரிந்தால் மட்டும் பொறுங்கள். இழுத்தடிப்பதன் நோக்கமே பலமுறை அந்தக் கெடுவைத் தாண்ட வைப்பதுதான். பேபாலில் பணம் கட்டிய நாளிலிருந்து 180 நாளுக்குள் புகார் திறக்க வேண்டும், திறந்த 20 நாளுக்குள் அதை அடுத்த கட்டத்துக்கு, அதாவது பேபாலே முடிவு சொல்லும் கட்டத்துக்கு ஏற்ற வேண்டும், இல்லாவிட்டால் தானாக மூடிவிடும். விசா, மாஸ்டர்கார்டு விதிகளில் பொருள் வராததற்குப் புகார் கொடுக்கப் பொதுவாக 120 நாள். உங்கள் வங்கி அதைவிடக் குறைவாக வைத்திருக்கலாம், இன்றே கேட்டுவிடுங்கள். விற்பனைத் தளங்களின் கெடு இவற்றைவிடச் சிறியதாக இருக்கும். அது முடியப்போகிறது என்றால் நீட்டிக்கச் சொல்லுங்கள், அல்லது புகாரைத் திறந்துவிடுங்கள். ‘புகாரை மூடினால் உடனே ரீஃபண்ட்’ என்று சொன்னால் நம்பாதீர்கள், மூடியதைப் பெரும்பாலும் மறுபடி திறக்க முடியாது. பேச்சு முழுவதும் தளத்தின் மெசேஜிலேயே நடக்கட்டும்.

கே: ‘முகவரி தவறு, சிறு தொகை கட்டினால் மறுபடி டெலிவரி’ என்று எஸ்எம்எஸ் லிங்க் வருகிறது.

ப: தொடாதீர்கள். அது கார்டு எண்ணையும் ஓடிபியையும் பறிக்கும் வலை. ஆர்டர் போட்ட ஆப்பைத் திறந்து, அங்கே அப்படி எதாவது கேட்கிறார்களா என்று மட்டும் பாருங்கள்.

கே: ரீஃபண்ட் வந்த பிறகு பார்சலும் வந்து சேர்ந்துவிட்டது!

ப: பெட்டியைப் பிரிக்காமல் விற்பவருக்கு எழுதுங்கள். திருப்பி அனுப்பச் சொன்னால் அதற்கான லேபிளை அவரே தர வேண்டும். வைத்துக்கொள்ள விரும்பினால் பணத்தைத் தளத்தின் வழியாகவே கட்டுங்கள், அவர் கொடுக்கும் தனிக் கணக்குக்கு அனுப்ப வேண்டாம்.